உடம்பில் இருக்கிற செல் துண்டுகளை எல்லாம் எடுத்துவிட வேண்டுமா?

கடிதம், சுருக்கமாக:

வன்னியில் இருந்து ஒரு மகள் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறோம். 2009 ஏப்ரலில் வலைஞர்மடத்தில் விழுந்த செல்லில், அதாவது எறிகணையில், அவருடைய அம்மா காயப்பட்டார். இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டி வந்தது. முதுகிலும் வலது தோளிலும் சின்னச் சின்னத் துண்டுகள் அப்படியே தங்கிவிட்டன. காயக்காரரை ஏற்றிய செஞ்சிலுவைச் சங்கக் கப்பலில் புல்மோட்டைக்குப் போய், அங்கே இந்திய மருத்துவக் குழு நடத்திய கள வைத்தியசாலையில் இருந்துவிட்டு, கடைசியில் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் மகளோடு சேர்ந்தார். மே நடுப்பகுதியில் வட்டுவாகல் பக்கமாக இந்த மகளோடு வெளியே வந்த அவருடைய தம்பியை அதற்குப் பிறகு ஒருவரும் காணவில்லை.

அம்மாவுக்கு இப்போது 61 வயது. சீனி வருத்தமும் பிரஷரும் இருக்கின்றன. இல்லாத காலின் பாதம் இரவில் எரிகிறது என்கிறார். முதுகு நோ. சாமத்தில் எழும்பினால் பிறகு நித்திரை இல்லை. கோயில் திருவிழா வெடிக்குக் கட்டிலுக்குக் கீழே போகப் பார்க்கிறார். முதுகுக்கு எம்.ஆர்.ஐ. எழுதிக் கொடுத்தார்கள், உடம்பில் செல் துண்டு இருக்கிறது என்றதும் ஸ்கான் எடுக்காமல் திருப்பி அனுப்பிவிட்டார்கள். 2016இல் ஒரு துண்டு தோளில் கட்டி மாதிரி வந்து தானாகவே வெளியே விழுந்தது. அன்றிலிருந்து, மற்றவையும் உள்ளே நகர்ந்து இதயத்துக்குப் போய்விடும் என்று வீட்டில் பயம். கனடாவில் இருக்கும் மாமா, சென்னையில் ஒரு தனியார் வைத்தியசாலையில் “எல்லாத் துண்டையும் எடுத்துத் தருவார்கள்” என்கிறார். பாதிச் செலவு அவருடையது, மீதிக்குக் காணியை ஈடு வைக்க வேண்டும். இரும்பின் நஞ்சு இரத்தத்தில் கலந்துதான் அம்மாவுக்குச் சீனி வந்ததா, இதெல்லாம் பிள்ளைகளுக்கும் போகுமா என்றும் கேட்டிருக்கிறார். “மனநலக் கிளினிக்குக்குக் கூப்பிட்டால் ‘எனக்கென்ன விசரா?’ என்று கேட்கிறா” என்ற வரியோடு கடிதம் முடிகிறது.

நடுவில் ஒரே ஒரு வரி தன்னைப் பற்றி: “எனக்கும் வலது முழங்காலுக்குள்ள ஒரு சன்னம் இருக்குது, இடைக்கிடை வீங்கும், அது பரவாயில்லை.” வேறொரு இடத்தில், இரண்டாவது பிள்ளைக்கு முயற்சி செய்வதாகவும் எழுதியிருக்கிறார்.

அன்பான சகோதரிக்கு,

காணியை ஈடு வைக்கப் போகிறீர்கள் என்பதால் சென்னை விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அதற்காகப் போக வேண்டாம். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், அம்மாவின் முதுகுத் துண்டுகளை எடுப்பதால் அவருக்குக் கிடைக்கப்போவது குறைவு, இழக்கக்கூடியது அதிகம்.

செல்லின் கோது பெரும்பாலும் உருக்கு இரும்பு. அதன் துண்டு தசைக்குள் தங்கினால், உடம்பு அதைச் சுற்றி நாரான ஒரு உறையைக் கட்டி ஒதுக்கி வைத்துவிடும். இரண்டு உலகப் போர்களிலும் காயப்பட்ட எத்தனையோ பேர் இப்படியான துண்டுகளோடுதான் முதுமை வரை வாழ்ந்தார்கள். அந்தத் துண்டுகளை அப்படியே விட்ட சத்திரசிகிச்சை நிபுணர்கள் அசட்டையால் விடவில்லை. அரிசியளவு இரும்பு ஒன்றை முதுகுத் தசைக்குள் தேடும்போது, வழியில் இருக்கிற நரம்புக்கும் இரத்தக் குழாய்க்கும் வரும் சேதம் அந்த இரும்பு செய்ததைவிடப் பெரிதாக இருக்கலாம். அதோடு அம்மாவுக்குச் சீனி இருக்கிறது. அவர் முதுகில் பத்து இடத்தில் வெட்டினால் பத்துப் புண்ணும் ஆற வேண்டும்.

2016இல் வெளியே வந்த துண்டு தோலுக்குப் பக்கத்தில் இருந்திருக்கும். உடம்பு அதை வெளிப்பக்கமாகத் தள்ளிவிட்டது. இப்படி நடப்பதை வன்னியில் வேலை செய்கிற எந்த வைத்தியரும் கண்டிருப்பார். இதயத்துக்குப் போவதென்றால் துண்டு ஒரு இரத்தக் குழாய்க்குள் இருக்க வேண்டும். அது மிக அரிது. நடந்தாலும் பெரும்பாலும் காயப்பட்ட காலத்தை ஒட்டியே நடக்கும். இத்தனை வருடம் தசைக்குள் உறை கட்டிக் கிடந்த இரும்பு இனிக் கிளம்பி இதயத்துக்குப் போகும் என்று நினைத்து நித்திரையைக் கெடுக்க வேண்டாம். அம்மாவின் சீனிக்கும் அந்த இரும்பு காரணமில்லை.

எப்போது எடுக்கத்தான் வேண்டும்?

துண்டு இருக்கும் இடம் சிவந்து வீங்கிச் சீழ் வடிந்தால் காட்ட வேண்டும். மூன்று மாதத்துக்கு மேல் ஆறாத புண் இருந்தால் கட்டாயம் காட்டுங்கள். நெடுநாள் ஆறாத புண் தோல் புற்றுநோயாக மாறக்கூடும் என்பதால் சதையில் கொஞ்சம் எடுத்துப் பரிசோதிப்பார்கள். கையோ காலோ விறைத்தால், பலம் குறைந்தால், துண்டு நரம்பை அழுத்துகிறதா என்று பார்க்க வேண்டும். நாடியோடு சேர்ந்து துடிக்கிற கட்டி என்றால் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள். தோலுக்குக் கீழே கையில் தட்டுப்பட்டு, படுக்கும்போது குத்துகிற துண்டை விறைப்பு ஊசி போட்டு மாவட்ட வைத்தியசாலையிலேயே எடுத்துவிடலாம். அம்மாவின் தோளில் இன்னும் அப்படி ஏதும் இருந்தால் அதற்கு விமான ரிக்கற் தேவையில்லை.

மூட்டுக்குள் இருக்கிற துண்டு வேறு கதை. அதனால் அம்மாவை ஒரு பக்கம் விட்டுவிட்டு உங்களிடம் வருகிறேன்.

உங்கள் முழங்கால்

“அது பரவாயில்லை” என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி அதுதான். துப்பாக்கிச் சன்னத்தின் உள்ளே வழக்கமாக ஈயம் இருக்கும். தசைக்குள் உறை கட்டிவிட்டால் ஈயம் வெளியே வருவது குறைவு. மூட்டுக்குள் இருந்தால் அப்படியில்லை. மூட்டுத் திரவம் ஈயத்தைக் கரைக்கும். ஒவ்வொரு தரம் மடக்கி நீட்டும்போதும் அது உரசுப்படும். கரைந்த ஈயம் இரத்தத்துக்குப் போய் எலும்பில் தங்கிவிடும். காயப்பட்டுப் பல வருடம் கழித்தும் ஈய நஞ்சேற்றம் வெளிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். காரணமில்லாத வயிற்றுக் குத்து, மலச்சிக்கல், இரத்தச்சோகை, எந்நேரமும் அலுப்பு, தலையிடி, இளவயதிலேயே பிரஷர் என்று பொதுவான தொல்லைகளாக வருவதால் யாரும் முழங்காலை நினைத்துப் பார்ப்பதில்லை.

கர்ப்பம் தரித்தால் பிள்ளையின் எலும்புக்காகத் தாயின் எலும்பு கரைந்து கல்சியம் கொடுக்கும். அங்கே தங்கியிருந்த ஈயமும் அதோடு கிளம்பி, நச்சுக்கொடியைக் கடந்து பிள்ளைக்குப் போகும். பிள்ளையின் மூளை வளர்ச்சிக்கு அது கூடாது. ஆகவே இரண்டாவது பிள்ளைக்கு முதல் இதைப் பார்த்துவிடுங்கள். முழங்காலுக்கு இரண்டு கோணத்தில் எக்ஸ்ரே எடுத்து, சன்னம் மூட்டுக்குள்ளா, பக்கத்துத் தசைக்குள்ளா என்று என்பியல் நிபுணரிடம் கேளுங்கள். இரத்தத்தில் ஈய அளவும் பார்க்க வேண்டும். வைத்தியசாலையில் வசதி இல்லாவிட்டால் கொழும்புக்கு மாதிரி அனுப்ப வேண்டிவரலாம். ஒரு டெசிலீற்றர் இரத்தத்தில் 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தால், அது எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்த வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். மூட்டுக்குள் இருந்தால் எடுக்கச் சொல்வார்கள் என்றே நினைக்கிறேன். பல நேரம் சிறு துளை போட்டே எடுத்துவிடலாம். இதற்குள் நீங்கள் கர்ப்பமாகிவிட்டால் பதற வேண்டாம். குடும்ப நல உத்தியோகத்தரிடமும் கிளினிக்கிலும் சன்னம் இருப்பதை முதல் நாளே சொல்லுங்கள், தருகிற கல்சியம், இரும்புச்சத்துக் குளிசைகளைத் தவற விடாதீர்கள்.

கடிதம் முழுக்க அம்மாவின் இரும்பைப் பற்றித்தான் கவலை. நான் அவசரப்படுவது உங்கள் ஈயத்துக்காக.

ஸ்கானும் முதுகும்

எம்.ஆர்.ஐ. எடுக்காமல் திருப்பி அனுப்பியது சரி. அந்த இயந்திரத்தின் காந்தம் இரும்பைப் பிடித்து இழுக்கும். கண், முள்ளந்தண்டு, பெரிய இரத்தக் குழாய்க்குப் பக்கத்தில் துண்டு இருந்தால் ஆபத்து. ஆனால் அவர்கள் சொன்னதை “இனி ஒருநாளும் முடியாது” என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எக்ஸ்ரேயோ சி.ரி. ஸ்கானோ எடுத்துத் துண்டுகள் எங்கே இருக்கின்றன என்று பார்த்த பிறகு கதிரியல் வைத்திய நிபுணர் முடிவு சொல்வார். அந்த எக்ஸ்ரேயை வைத்து “இன்ன இன்ன இடத்தில் உலோகத் துண்டு உண்டு” என்று ஒரு தாளில் எழுதிக் கையொப்பம் வாங்கி, கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். புல்மோட்டை வைத்தியசாலைச் சீட்டுகளும் எக்ஸ்ரே படங்களும் முகாமிலேயே தொலைந்துவிட்டன என்கிறீர்கள். பலருக்கும் அதே கதைதான். இனிமேல் இந்த ஒரு தாள் போதும். நீங்களும் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கென்னவோ அம்மாவின் முதுகு நோவுக்கு எம்.ஆர்.ஐ. தேவைப்படாது என்றே படுகிறது. பொய்க்கால் போட்டு ஆறேழு வருடம் என்றும், தளர்ந்துபோய் உள்ளே மூன்று காலுறையும் ஒரு பழைய சீலைத் துண்டும் சுற்றிப் போடுகிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். எடுத்ததுபோக மிஞ்சிய மொட்டுக் கால் வருடத்துக்கு வருடம் சுருங்கும். அதைத் தாங்குகிற கிண்ணம் சுருங்காது. நடக்கும்போது கால் உள்ளே இறங்கி ஏறும், இடுப்பு ஒரு பக்கம் சாயும், சாய்ந்ததை நாரி நிமிர்த்தப் பார்க்கும். அம்மாவைப் பொய்க்காலோடு நிமிர்ந்து நிற்கச் சொல்லி, பின்னால் நின்று இரண்டு இடுப்பெலும்பிலும் கை வைத்துப் பாருங்கள். ஒரு கை தாழ்ந்து நின்றால் முதுகு நோவின் பாதிக் காரணம் அங்கேதான் இருக்கிறது. மொட்டுக் காலின் நுனியில் தோல் கறுத்து, தடித்து, வெடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். யாழ்ப்பாணத்து ஜெய்ப்பூர் நிலையத்திலோ, உங்கள் மாவட்டத்துக்கு வந்துபோகும் நடமாடும் சேவையிலோ புதிய கிண்ணத்துக்கு அளவு கொடுங்கள். பொய்க்கால் மூன்று முதல் ஐந்து வருடத்துக்குள் மாற்ற வேண்டிய பொருள். கிடைத்ததே பெரிசு என்று தேயும்வரை போடுவது நம் சனத்தின் பழக்கமாகிவிட்டது.

மாமா பணம் தர ஆயத்தமாக இருந்தால் அதை இங்கே செலவழிக்கச் சொல்லுங்கள். நல்ல கிண்ணம், கைபிடி போட்ட கொமட் கழிவறை, கிணற்றடியில் வழுக்காத சீமெந்து. சென்னைக் கணக்கில் இது மிகச் சிறிய தொகை.

இல்லாத காலின் எரிவு

அம்மா பொய் சொல்லவில்லை, அவருக்கு விசருமில்லை. காலை எடுத்தவர்களில் பெரும்பாலானோருக்கு இந்த நோ உண்டு. அறுந்த நரம்பு நுனிகளும், அந்தக் காலுக்கென்று மூளையில் இருந்த இடமும் இன்னும் வேலை செய்துகொண்டே இருக்கின்றன. இதற்குச் சாதாரண வலிக் குளிசை வேலை செய்யாது. அமிட்ரிப்டிலின் என்ற பழைய, மலிவான குளிசையைக் குறைந்த அளவில் இரவில் கொடுத்தால் பலருக்கு எரிவும் குறையும், நித்திரையும் வரும். அம்மாவின் வயதுக்கு அதைத் தொடங்க முதல் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும். ஒத்துவராவிட்டால் கபாபென்டின் இருக்கிறது. கண்ணாடிப் பயிற்சியையும் கேட்டுப் பாருங்கள். நீளமான கண்ணாடியை இரண்டு காலுக்கும் நடுவில் நிறுத்தி, நல்ல காலின் பிம்பத்தைப் பார்த்தபடி அந்தப் பாதத்தை மெதுவாக அசைப்பது, நாளுக்கு 15 நிமிடம். எல்லோருக்கும் பலிக்காது, பலித்தவர்களுக்கு நல்ல ஆறுதல். செலவும் இல்லை.

வலது பாதமும் எரிகிறதா என்று கேளுங்கள். எரிந்தால் அது சீனியின் வேலையாக இருக்கலாம். பல வருடம் சீனிக்கு மெட்ஃபோர்மின் குளிசை எடுத்ததால் விற்றமின் பி12 குறைந்தும் வரலாம். அந்த ஒரு பாதத்தை இரவில் படுக்க முதல் விரலிடுக்கு வரை நீங்களே பார்க்க வேண்டும். கோயில் வீதியில் வெறுங்காலோடு சுடுமணலில் நடக்க விடாதீர்கள். முருகன் கோபிக்க மாட்டார்.

உண்மையில் பயப்பட வேண்டியது எதற்கு?

இதயத்துக்கு. யுத்தம் முடிந்து இத்தனை வருடத்தில், காயக்காரரைச் செல் துண்டு கொல்வதைவிட மாரடைப்பும் பாரிசவாதமும் கொல்வதே அதிகமாக இருக்கும் என்பது என் எண்ணம். கால் இழந்தவர்களுக்கு இதயநோய் கூடுதலாக வருவது இரண்டாம் உலகப் போரில் கால் இழந்த அமெரிக்கப் படையினரிடமும், பிறகு இஸ்ரேலியப் படையினரிடமும் காணப்பட்டது. மனக்காயத்துக்கும் இதில் பங்கு உண்டு. வியட்நாம் போர்க்காலத்தில் படையில் இருந்த இரட்டையர்களை 13 வருடம் தொடர்ந்து பார்த்த ஆய்வு ஒன்று 2013இல் வெளிவந்தது. பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு தொடர்கிற நெருக்கீட்டுக்குப் பிந்திய மனவடு நோய் இருந்தவர்களில் 100க்கு 22, 23 பேருக்கு இதயநோய் வந்தது. இல்லாதவர்களில் 9 பேருக்கு. மனவடு இருந்த ஒருவரை, அது இல்லாத அவருடைய இரட்டையரோடு ஒப்பிட்டபோதும் வித்தியாசம் மறையவில்லை. ஆகவே பரம்பரைதான் காரணம் என்று தள்ளிவிட முடியாது.

“யுத்தத்தால வந்தது, இனி மாறாது” என்று சீனியையும் பிரஷரையும் ஏற்றுக்கொண்டு இருப்பதைத்தான் நான் ஒப்ப மாட்டேன். யுத்தத்தால் வந்த பிரஷரும் மற்றப் பிரஷரைப் போலவே குளிசைக்குக் குறையும். மூன்று மாதச் சராசரிச் சீனி, கொழுப்பு, சிறுநீரில் புரதம், கண்ணின் விழித்திரை, இவற்றை வருடத்துக்கு ஒரு தரமாவது பார்த்தார்களா என்று கொப்பியைப் புரட்டிப் பாருங்கள். எல்லாம் அரச வைத்தியசாலையில் இலவசம். நெஞ்சு அடைத்து வியர்த்தால் 1990க்கு அழைத்து அம்புலன்ஸ் எடுங்கள், விடியட்டும் என்று இருக்க வேண்டாம்.

“எனக்கென்ன விசரா?”

2009இல், யுத்தம் முடிந்து சில மாதங்களில், யாழ் மாவட்டத்தில் வீடு வீடாக ஒரு ஆய்வு நடந்தது. மனவடு நோய் 7 வீதம், மனச்சோர்வு 22 வீதம், பதகளிப்பு என்கிற ஓயாத பதற்றம் 32 வீதத்துக்கு மேல். வெடிச் சத்தத்துக்கு நடுங்குவது எல்லோர் கண்ணுக்கும் தெரியும். சத்தமில்லாத மனச்சோர்வு அதைவிட மூன்று மடங்கு. நம் பெண்கள் அதை மனச்சோர்வு என்று சொல்ல மாட்டார்கள். நெஞ்சு பாரம், தலையிடி, உடம்பு அலுப்பு, பெருமூச்சு என்றே சொல்வார்கள். ஆகவே மனநலம் என்று கூப்பிடாதீர்கள். “நித்திரைக்கும் கால் எரிவுக்கும் மருந்து கேட்டுப் பார்ப்பம்” என்று கூட்டிக்கொண்டு போங்கள். அது பொய்யுமில்லை. அதே கிளினிக்கில்தான் இரண்டுக்கும் மருந்து எழுதுவார்கள். பாமசியில் தானாக நித்திரைக் குளிசை வாங்கிப் போடுவதை மட்டும் தடுத்துவிடுங்கள். பொய்க்காலோடு அரைத்தூக்கத்தில் எழும்பி விழுந்தால் இடுப்பு முறியும். வர மறுத்தால் 1926 என்ற இலக்கத்துக்கு நீங்கள் அழைத்துக் கதைக்கலாம், அது தேசிய மனநல நிறுவனத்தின் தொலைபேசிச் சேவை.

தம்பியின் விஷயத்தில் மருந்து கொஞ்சம்தான் உதவும். “செத்துப்போனான் என்று நினைச்சு மறவுங்கோ” என்று அம்மாவிடம் யாரும் சொல்ல விடாதீர்கள், ஆலோசகரே சொன்னாலும். செத்ததற்கும் சாட்சியில்லை, இருப்பதற்கும் சாட்சியில்லை என்கிற துக்கத்தை முடித்து வைக்க யாராலும் முடியாது. அதோடு வாழப் பழக்கலாம். கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20 அன்று காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் தொடங்கிய போராட்டத்துக்கு அம்மா போய்வந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். போகட்டும். தன்னைப்போல மற்றத் தாய்மாருடன் இருக்கும் அந்த நேரம் நல்லது. குளிசையும் தண்ணீரும் கையில் கொடுத்துவிடுங்கள். மரணச் சான்றிதழ் எடுக்க மனமில்லாமல் வங்கி, காணி அலுவல் எல்லாம் நிற்கிறதென்றால், 2016இல் திருத்திய சட்டத்தின்படி, இறந்துவிட்டார் என்று பதியாமல் காணவில்லை என்றே சொல்லும் சான்றிதழ் எடுக்கலாம். அதை எடுப்பதால் தேடும் உரிமை போகாது. விவரம் பிரதேச செயலகத்தில் கேட்கலாம். மாற்றுத்திறனாளிக் கொடுப்பனவுக்கு அம்மா பதியப்பட்டிருக்கிறாரா என்பதையும் அதே பயணத்தில் கேட்டுவிடுங்கள்.

பிள்ளைகளுக்குப் போகுமா என்ற கேள்விக்கு: செல் துண்டு போகாது. 1944–45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் பஞ்சத்தின்போது வயிற்றில் இருந்த பிள்ளைகளுக்கு நடுவயதில் சீனியைக் கையாளும் திறன் குறைந்திருந்தது உண்மை. அதை வைத்துப் பார்த்தால் 2008–09இல் வன்னியில் கருவாக இருந்து இப்போது பதின்வயதில் இருக்கிறவர்களின் சீனியை நாங்கள் கவனிக்க வேண்டும். உங்கள் பிள்ளை பிறந்தது பல வருடம் கழித்து. அதற்கு அந்தப் பயம் வேண்டாம்.

மாமாவுக்கு இந்தப் பதிலை அனுப்புங்கள். அதற்குப் பிறகும் அவர் சென்னையே நல்லது என்றால், எந்தத் துண்டை, என்ன காரணத்துக்காக எடுக்கப் போகிறார்கள், எடுத்தால் என்ன குறையும் என்று அந்த வைத்தியசாலையிடம் எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். “எல்லாவற்றையும்” என்று பதில் வந்தால் போகாதீர்கள். அடுத்த கிளினிக் நாளில் அம்மாவுக்கு ஈ.சி.ஜி.யும் தோள், முதுகு எக்ஸ்ரேயும் கேளுங்கள். அதே நாளில் வெளிநோயாளர் பிரிவில் உங்கள் பெயருக்கும் ஒரு சீட்டு எடுத்து முழங்காலைக் காட்டுங்கள்.